முத்துசெல்வியின் வேனும் மக்காச்சோளக் கூச்சலும்

சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுபடி திருப்பினால் மறுபடி 'டிக்'. எளவெடுத்த வண்டி. விடிவதற்கு முன்னால் எழுந்து, அளந்து கொடுத்த தண்ணீரில் மாத்திரையை விழுங்கி, துண்டைப் போர்த்திக்கொண்டு வண்டிக்குள் ஏறி உட்கார்ந்திருக்கிற டயாலிசிஸ்காரன் காதில் அந்த 'டிக்' விழுந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. தெரியாமலே இருங்கள். அந்த வண்டியில் இரண்டு நோயாளிகள். ஒருவன் நான், நந்தகோபால், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். இன்னொருத்தி சங்கரம்மாள். வண்டியை ஓட்டுகிறவள் சங்கரம்மாளின் மூத்த மருமகள் முத்துசெல்வி. நான் சொல்ல வந்தது முத்துசெல்வியைப் பற்றித்தான். ஆனால் அவளைச் சொன்னால் அந்தக் குடும்பத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதை நினைத்தாலே எனக்குக் குமட்டுகிறது.

முத்துசெல்வி கழுகுமலைக்காரி. அங்கே தீப்பெட்டி ஆபீஸில் தீக்குச்சியைக் கட்டையில் அடுக்கிக்கொண்டிருந்தவளை, நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குக் கட்டிக்கொண்டு வந்தார்கள். புருஷன் திருப்பதி லாரி டிரைவர். வடக்கே போனான் என்றால் மாசத்துக்கு ஒருமுறை வந்து முகத்தைக் காட்டுவான். மாமியாருக்கு இரண்டு சிறுநீரகமும் போய், கோவில்பட்டியில் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆனபோது அந்த வீட்டில் எல்லோரும் கையைப் பிசைந்தார்கள். காலை முதல் ஷிப்ட். எங்கள் ஊர் முதல் பஸ் போய்ச் சேருவதற்குள் மிஷினில் வேறு ஆளைப் படுக்க வைத்துவிடுவார்கள். சங்கரம்மாளுக்கு பஸ்ஸில் ஏறினால் வாந்தி வேறு. யாரும் எதுவும் செய்யவில்லை. இவள்தான் எட்டயபுரத்துக்குப் போய் டிரைவிங் படித்தாள், போனிலேயே புருஷனிடம் சண்டை போட்டு ஒரு பழைய வேனை வாங்க வைத்தாள். "பொம்பள வேன் ஓட்டுதாளாம்லே" என்று டீக்கடையில் இளித்தார்கள். இளித்தவன் ஒருத்தனின் மகளே பிறகு அந்த வேனில்தான் பிரசவத்துக்குப் போனாள்.

எனக்கும் அதே வியாதி வந்தபோது, "எங்ககூட வாங்க அண்ணாச்சி, ஒரு சீட்டு சும்மாதான போகுது" என்று சொன்னவள் அவள். நான் பெற்ற இரண்டு பேரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. சேலைக்கு மேல் புருஷனின் பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓட்டுவாள். ஓட்டும்போது பேச மாட்டாள். வேனுக்குள்ளும் மாமியார் சில நாள் வாந்தி எடுப்பாள். ஓரமாக நிறுத்தி, துடைத்து, கையைக் கழுவிவிட்டு மறுபடி ஓட்டுவாள். முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. அவளுக்கும் சேர்த்து நான்தான் சுளித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். எந்தச் சாவியாக இருந்தாலும் மாமியார் இடுப்பில்தான் இருக்கும். பீரோச் சாவி, அறைச் சாவி, கடைசியில் வேன் சாவியும். பொழுது சாய வண்டியை நிறுத்தியதும் முத்துசெல்வி சாவியைக் கொண்டுபோய் அத்தை கையில் கொடுப்பாள். காலையில் அத்தை இடுப்புச் சுருக்குப் பையை அவிழ்த்து எடுத்துக் கொடுப்பாள். ஓட்டுகிறவள் ஒருத்தி, சாவிக்குச் சொந்தக்காரி இன்னொருத்தி. எழுந்து நிற்க முடியாத நிலையிலும் சங்கரம்மாள் அந்தப் பையை விட்டுக்கொடுக்கவில்லை. முத்துசெல்வி அதற்காக ஒரு நாளும் முணுமுணுத்தது கிடையாது.

இன்னொரு வழக்கம், இது ஊர் முழுக்க உண்டு. வண்டி வாங்கினால் முன்னால் ஒரு சாமி, சாமிக்கு ஒரு விளக்கு. சாவியை எடுத்ததும் அந்த விளக்கு அணைந்துவிட்டால் சாமி இருட்டில் கிடக்குமாம். அதனால் வயரை நேரே பேட்டரியில் கொடுத்துவிடுவார்கள். முத்துசெல்வி வேனில் இசக்கியம்மன். அந்த விளக்கைப் பூசை அன்று பேட்டரியில் இணைத்தவன் அவள் கொழுந்தன் ஜெயபாண்டி, சங்கரம்மாளின் இளைய மகன். அந்த வேனுக்குப் பேட்டரி முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சீட்டைத் தூக்கி அவன் முறுக்கிக் கொடுத்ததை நானே நின்று பார்த்தேன்.

ஜெயபாண்டியின் மக்காச்சோளப் புஞ்சை வீட்டுக்குப் பின்னால்தான். அதை ஒட்டின களத்தில்தான் வேன் நிற்கும். கார்த்திகையில் கதிர் பால் பிடித்ததும் காட்டுப்பன்றி இறங்க ஆரம்பித்தது. ஒரு ராத்திரி இறங்கினால் அரை ஏக்கரை உழுது போட்டுவிடும், அது உண்மைதான். அதற்காக இவன் புஞ்சைக்குள் ஒரு கம்பு நட்டு, அதில் கூம்பு ஸ்பீக்கரைக் கட்டி, தன் குரலையே போனில் பதிந்து ஓடவிட்டான். "ஏய்! ஓடு! ஏய்! ஓடு!" என்று கத்துவான், பிறகு நாய் குரைக்கும், பிறகு வேட்டுச் சத்தம், பிறகு மறுபடி இவன். ராத்திரி முழுக்க இதே எளவு. பன்றி ஓடியதோ இல்லையோ, என் தூக்கம் ஓடிப்போனது. போய்க் கேட்டதற்கு, "டிராக்டர் பேட்டரியில ஓடுது அண்ணாச்சி. கதிர் முத்துத வரைக்கும் பொறுத்துக்கிடுங்க" என்று பல்லைக் காட்டினான்.

அந்தச் சமயத்தில்தான் வண்டி 'டிக்' என்று சொல்ல ஆரம்பித்தது.

எனக்கும் சங்கரம்மாளுக்கும் டயாலிசிஸ் ஊசி குத்துகிற கையால் பாரம் தள்ளக் கூடாது. முத்துசெல்வி ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும். ஆக, தள்ளுவதற்கு ஜெயபாண்டிதான் வருவான். கூப்பிடாமலே வருவான். தூங்காத கண்ணோடு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, "செகண்ட் கியர்ல போட்டு வைங்க மதினி, நான் தள்ளுதேன்" என்று பெரிய தர்மவான் மாதிரி தோள் கொடுப்பான். வண்டி பிடித்ததும் கையைத் தட்டிக்கொண்டு நிற்பான். "நல்ல பிள்ளை" என்று நானே ஒரு தடவை சொல்லித் தொலைத்தேன்.

எங்கள் ஊர்க் கடையில் ஒருத்தன் மூடியைக்கூடத் திறக்காமல், "பேட்டரி செத்துப் போச்சு, மாத்துங்க" என்றான். மாற்றினாள். புதுப் பேட்டரியும் அதே வாரத்தில் படுத்துவிட்டது. போய்க் கேட்டால், "சில பேட்டரி அப்படித்தான்" என்கிறான். இவனெல்லாம் ஒரு மெக்கானிக்.

பிறகு மழை பெய்தது. கரிசலில் மழை பெய்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். நடந்தால் செருப்போடு அரைக் கிலோ மண் ஏறும். அந்தக் காலையில் வண்டி 'டிக்' என்றது. ஜெயபாண்டி தள்ளினான், நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளினான். சக்கரம் அங்கனயே குழி பறித்ததே தவிர ஓர் அடி நகரவில்லை. அன்றைக்கு டயாலிசிஸ் போச்சு.

ஒரு நாள் தவறினால் என்ன என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். வெளியே போக வேண்டிய தண்ணீர் உடம்புக்குள்ளேயே நிற்கும். என் கால் இரண்டும் ஊறின மாவு மாதிரி ஆகிவிட்டது, விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நின்றது. என் உடம்பையே எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. சங்கரம்மாளுக்கு மூச்சு முட்டியது. படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று முத்துசெல்வி அவளை நெஞ்சோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தாள். மறுநாள் வாடகைக் கார் பிடித்துப் போய், இடையில் ஒரு மிஷின் கிடைத்து, இருவரும் பிழைத்தோம். "இன்னொரு தடவ இப்படித் தவறிச்சுன்னா அந்தம்மா தாங்க மாட்டாங்க" என்று அங்கே நர்ஸ் முத்துசெல்வியிடம் தெளிவாகச் சொன்னாள். அதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

மண் காய்ந்து வேன் வெளியே வந்ததும் கோவில்பட்டியில் எலெக்ட்ரீசியன் மணிராஜிடம் கொண்டுபோனாள். டயாலிசிஸ் முடிந்து திரும்புகிற வழி. நான் இறங்கி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். சங்கரம்மாள் பின் சீட்டில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். மணிராஜ் முதலில் வண்டியை ஓடவிட்டு, சார்ஜ் ஏறுகிறதா என்று பார்த்தான். ஏறியது. பிறகு வண்டியை நிறுத்தி, பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி, வயருக்கும் பேட்டரிக்கும் நடுவில் மீட்டரை மாட்டினான். கதவுகளைச் சாத்தி உள்விளக்கு அணைந்ததும் எண்ணைப் பார்த்தான்.

"வண்டி தூங்கும்போதும் கொஞ்சம் குடிக்குது அக்கா. எங்கன போகுதுன்னு பாப்போம்" என்று பியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். எதைப் பிடுங்கியும் எண் இறங்கவில்லை. "அப்ப பியூஸுக்குள்ள வராம நேரா போகுது" என்று வயரைப் பிடித்துக்கொண்டே போனான். இசக்கியம்மனில் போய் நின்றது.

"இந்த வெளக்கு ஒரே ராத்திரியில பேட்டரியைப் படுக்க வைக்காது. பத்து நாள் சும்மா நின்னா வைக்கும். ஆனா வேற ஒண்ணும் இல்லையே" என்று தலையைச் சொறிந்தான்.

முத்துசெல்வி அம்மனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, "கழத்திருங்க தம்பி. அம்மன்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன்" என்றாள். அவள் குரல் நடுங்கியது. பின் சீட்டில் கிடந்த சங்கரம்மாள் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டதை நான் கவனித்தேன். அசதி என்று நினைத்தேன்.

அடுத்த தடவை வண்டி பிரமாதமாகக் கிளம்பியது. இடைப்பட்ட இரண்டு நாளும் ஜெயபாண்டி ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தான். எனக்கும் நல்ல தூக்கம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க என் மண்டைக்கு வரவில்லை. அவன் திரும்பி வந்த மறுநாள் காலையில் 'டிக்'. உடனே ஊரைக் கூட்டாத குறையாகக் கத்தினான்.

"சாமி வெளக்க அறுத்தா வண்டி எப்படி மதினி கெளம்பும்? இசக்கியோட விளையாடுதீங்க. எங்கம்மா உசுரு போச்சுன்னா யாரு பதில் சொல்லுவா?"

அவன் தள்ளி, வண்டி பிடித்து, நாங்கள் போனோம். வழியெல்லாம் முத்துசெல்வி கண் கலங்கியபடியே ஓட்டினாள். அன்று மணிராஜ் எதையும் கழற்றவில்லை. "வண்டிய ஒரு ராத்திரி இங்கன விட்டுட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னான். விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தோம், சங்கரம்மாள் வழியெல்லாம் வாந்தி. அன்று ராத்திரி ஊர் அமைதியாக இருந்தது. களத்தில் வண்டி இல்லை, பன்றியை மிரட்டும் குரலும் இல்லை. அப்போதுதான் எனக்குச் சுரீர் என்றது. சே, அப்படியெல்லாம் இருக்குமா என்று நானே அதைத் தள்ளினேன். பெற்ற தாய் போகிற வண்டி அல்லவா?

மறுநாள் முத்துசெல்வி பஸ்ஸில் போய் வண்டியை எடுத்து வந்தாள். ஒரே திருப்பில் கிளம்பியதாம். மணிராஜ் பேட்டரியின் இரண்டு முனையிலும் புதுசாகக் கிரீஸைத் தடவி, விரலால் வழவழவென்று இழுத்துவிட்டிருக்கிறான். "வண்டியில குத்தம் இல்ல அக்கா. நிக்குத இடத்துலதான் இருக்கு. நான் யாரையும் சொல்லல. காலையில வண்டி கெளம்பலன்னா சீட்டத் தூக்கி இந்தக் கிரீஸை மட்டும் பாருங்க" என்றானாம். அதை அவள் என்னிடம் சொன்னாள். ஊர் அமைதியாக இருந்த அந்த ராத்திரியை நான் சொன்னேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. வழக்கம்போல அவள் சாவியைக் கொண்டுபோய் அத்தையிடம் கொடுத்தாள்.

அன்று ராத்திரி "ஏய்! ஓடு!" மறுபடி ஆரம்பித்தது. விடிகிற நேரத்துக்குப் போனேன். சங்கரம்மாள் ஏறி உட்கார்ந்திருந்தாள். முத்துசெல்வி சாவியைத் திருப்பினாள். 'டிக்'.

இறங்கி வந்து முன் சீட்டைத் தூக்கினாள். கிரீஸில் இரண்டு பக்கமும் பல் பதிந்திருந்தது. வயர் மாட்டுகிற கிளிப்பின் பல், வரிசையாக, யாரோ கடித்து வைத்த மாதிரி. சுற்றிலும் கரிசல் மண் உதிர்ந்து கிடந்தது. கதவு ரப்பரை ஒட்டிக் கீழே பார்த்தேன். வயர் இழுபட்ட தடம் களத்துமண்ணில் வேலிவரைக்கும் போனது. முள்ளை விலக்கினால் சுருட்டிவைத்த வயர், அந்தப் பக்கம் சோளத்துக்குள் ஆம்ப்ளிபயர் பெட்டி. ராத்திரிதோறும் ஊரே காதால் கேட்டுக்கொண்டிருந்தது எங்கள் பேட்டரியைத்தான். த்தூ!

ஜெயபாண்டி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ள வந்துகொண்டிருந்தான். சீட்டு தூக்கியிருப்பதைப் பார்த்ததும் நின்றான்.

"டிராக்டர் பேட்டரி எங்கலே?" என்று கேட்டேன்.

"அது போன மாசமே போச்சு அண்ணாச்சி."

முத்துசெல்வி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அவளிடம் திரும்பினான். "ராத்திரி பூரா சும்மாதான மதினி நிக்குது? காலையில நான்தான வந்து தள்ளி விடுதேன். ஒரு நாளாவது தள்ளாம இருந்திருக்கேனா?"

இப்படி ஒரு பதிலை என் சர்வீஸில் டிக்கெட் எடுக்காமல் மாட்டிய எவனும் சொன்னதில்லை. சாமி விளக்கைச் சொல்லி அவளைக் குற்றவாளி ஆக்கியவன். மழையில் சக்கரம் குழி பறித்தபோது பக்கத்தில் நின்று "ஐயோ அம்மா" என்றவன். அன்று ராத்திரி மூச்சுக்குத் தவித்தது இவனைப் பெற்றவள். "நீயெல்லாம் சோறுதான் திங்கியாலே, மூதி" என்று கையை ஓங்கினேன். ஊசி குத்துகிற கை. முத்துசெல்விதான் பிடித்து இறக்கினாள்.

பிறகு அவள் மெதுவாகக் கேட்டாள். "கதவு பூட்டியிருந்துச்சே தம்பி. சாவி?"

அவன் கண் வேனுக்குள் போனது. நாங்களும் பார்த்தோம். சங்கரம்மாள் இடுப்புச் சுருக்குப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பச்சப் புள்ள மாதிரி வந்து நின்னான் செல்வி" என்றாள் கிழவி. "கடன உடன வாங்கிப் போட்ட வெள்ளாம. அது போச்சுன்னா அவன் மருந்தக் குடிச்சிருவான். எனக்கு ஒரு நாள் தப்பினா என்ன? நான் எப்படியும் போறவதான."

கேட்பவர்களுக்குக் கண் கலங்கும் பேச்சு. தாய்ப்பாசம் என்பார்கள். எனக்கு அதுவும் அருவருப்பாகத்தான் இருந்தது. அவள் போறவளாக இருக்கலாம். பக்கத்துச் சீட்டில் நானும் அல்லவா உட்கார்ந்திருக்கிறேன்? எனக்கும் சேர்த்து யார் அவளை முடிவு பண்ணச் சொன்னது? அன்றைக்கு மணிராஜ் அம்மன் விளக்கைக் கழற்றும்போது கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாளே, அப்போதே அவளுக்குத் தெரியும். மருமகள் குரல் நடுங்கியதையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்திருக்கிறாள்.

முத்துசெல்வி கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சீட்டை இறக்கிவைத்தாள். "தள்ளுங்க" என்று கொழுந்தனிடம் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். அவன் தள்ளினான். வண்டி பிடித்ததும் நிற்காமல் போய்விட்டாள். அன்று சாயங்காலம் வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்தவள், அதைத் தாலிக் கயிற்றில் கோத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள். சங்கரம்மாள் வழக்கம்போலக் கையை நீட்டினாள். கை நீட்டியபடியே கொஞ்ச நேரம் இருந்தது.

அதன் பிறகு ராத்திரிச் சத்தம் இல்லை. அடுத்த டயாலிசிஸ் காலையில் வண்டி அரைத் திருப்பில் கிளம்பியது. இசக்கியம்மன் விளக்கையும் மணிராஜ் சாவியோடு சேர்த்து இணைத்துக் கொடுத்திருந்தான். வண்டி கிளம்பியதும் அம்மன் விளக்கும் எரிந்தது. எட்டயபுரம் தாண்டினோம். பிறகு பின்னாலிருந்து சங்கரம்மாள் குரல் வந்தது.

"ஏட்டி செல்வி."

"சொல்லுங்க அத்தை."

"ரெண்டு ராத்திரியா அவன் சத்தத்தக் காணுமே. சோளத்துல பன்னி விழுந்திருக்குமோ?"

ஓட்டும்போது பேசாத முத்துசெல்வி, பேசுவதற்காக வண்டியை ஓரம் கட்டினாள். திரும்பவில்லை. கண்ணாடியில் மாமியாரைப் பார்த்தாள்.

"விழுந்திருக்கும் அத்தை. நீங்க உசுரோட இருக்கணும்னு உங்க மவனுக்கும் தோணல, உங்களுக்கும் தோணல. எனக்கு மட்டுந்தான் தோணுது. நீங்க பெத்தவளா நான்? எனக்கு என்னத்துக்கு அத்தை இது?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். முத்துசெல்வி கியரைப் போட்டாள். ஆஸ்பத்திரி வாசலில் எப்போதும்போல இறங்கி வந்து கதவைத் திறந்து, கிழவியின் இடுப்பில் கை கொடுத்து இறக்கினாள். முதல் ஷிப்டுக்கு இன்னும் நேரம் இருந்தது.